விறகோடு வருகிற வினை



"வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னானாம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இந்த வாரம் நாம் பேசப் போகிற சங்கதிக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது. ஓணானாவது கண்ணுக்குத் தெரியும். நாம் கட்டிச் சுமந்துகொண்டு வருகிற விறகுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை.

"அட, விறகைப் பத்தி எழுத என்னங்க இருக்கு? காஸ் அடுப்பு வந்து எத்தனை காலமாச்சு!" என்று சிலர் கேட்கலாம். தினச் சமையலுக்கு விறகு போய்விட்டது உண்மைதான். ஆனால் பொங்கல் பானை எதில் பொங்குகிறது? தோட்டக் கோயில் திருவிழாவில் அன்னதானச் சோறு எதில் வேகிறது? கல்யாண வீடு, கருமாதி வீடு என்றால் பெரிய அண்டாவை எதன் மேல் ஏற்றுகிறோம்? தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள்கூட, பொங்கல் நெருங்கினால் பழைய தோட்டத்துப் பக்கம் வண்டியை விட்டு இரண்டு கட்டு விறகு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மறுநடவுக்காகப் பால்மரம் சாய்க்கிற இடங்களில் லாரி லாரியாகக் கட்டை போகிறது. கொல்லைக்கு மக்கிய எரு வருகிறது. ஊரிலிருந்து தென்னங்கன்று வருகிறது.

இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இதற்குள் என்ன இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்காமல் போனதால் ஒரு பெரிய நாடு என்ன பாடுபட்டது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு நம் தீம்பாருக்குத் திரும்புவோம்.

பச்சை வண்டின் படையெடுப்பு

அமெரிக்காவில் ஆஷ் என்று ஒரு மரம் உண்டு. தெருவோரத்தில் நிழலுக்கு வைப்பார்கள். கோடாரிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு போடுவார்கள். பேஸ்பால் மட்டையும் அதில் செய்வார்கள். நமக்குப் பால்மரம் எப்படியோ, அங்கே பலருக்கு அது அப்படி.

2002ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரப் பக்கத்தில் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வந்தன. பட்டையை உரித்துப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் புழுக்கள் வளைந்து வளைந்து பாதை போட்டிருந்தன. மரத்தின் சாறு ஓடுகிற வழியெல்லாம் அறுபட்டுக் கிடந்தது. அந்தப் புழு வளர்ந்தால் அரை அங்குலம்கூட இல்லாத, மரகதம் போல் மினுக்குகிற ஒரு பச்சை வண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்த வண்டு அமெரிக்காவில் பிறந்ததல்ல. சீனா, கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளைச் சேர்ந்தது. 1990களில், சரக்குப் பெட்டிகளுக்கு அடைகொடுக்கும் கட்டைகளுக்குள் ஒளிந்து கப்பலில் வந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. சொந்த ஊரில் அதை அடக்கி வைக்க அங்கத்திய எதிரிப் பூச்சிகள் இருந்தன. மரங்களுக்கும் தாங்கும் சக்தி இருந்தது. வந்த ஊரில் இரண்டும் இல்லை. கேட்பாரில்லாத வீட்டில் திருடன் புகுந்த கதையாயிற்று.

ஆனால் இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வண்டு தன் இறக்கையால் பறந்து போகிற தூரம் பெரும்பாலும் சில மைல்தான். அப்படியிருக்க நூறு மைல், இருநூறு மைல் தள்ளி, நடுவில் உள்ள ஊர்களைத் தொடாமல் திடீர் திடீரென்று புது இடங்களில் அது தலைகாட்டியது எப்படி? மனிதன்தான் கொண்டு போனான். லீவு நாளில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிறவர்கள், குளிர்காய வீட்டிலிருந்தே விறகை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். காய்ந்த மரத்தை வெட்டி விற்கிற விறகு வியாபாரி, அடுத்த மாநிலத்துக்கு லாரியில் ஏற்றினான். விறகோடு புழு போயிற்று. போன இடத்தில் வண்டாகி வெளியே வந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. ஆஷ் கட்டையையும் விறகையும் வெளியே கொண்டு போகக் கூடாது என்று தடை போட்டது. "விறகை இடம் மாற்றாதே, எரிக்கிற ஊரிலேயே வாங்கு" என்று பிரச்சாரம் செய்தார்கள். 10 மைலுக்குள் கிடைக்கிற விறகே நல்லது, எப்படியும் 50 மைலைத் தாண்டக் கூடாது என்று கணக்குச் சொன்னார்கள். ஆனாலும் தாமதமாகிவிட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்தன. 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் வண்டு பரவிவிட்டது. கடைசியில் 2021 சனவரியில் மத்திய அரசாங்கம் தன்னுடைய தடையையே எடுத்துவிட்டது. வண்டை அடைத்து வைக்க முடியவில்லை, இனி அதைத் தின்னும் சிறு குளவிகளை வளர்த்து விடுவதில் பணத்தைச் செலவிடுவோம் என்று முடிவு கட்டினார்கள்.

பணமும் படிப்பும் யந்திரமும் உள்ள நாடு அது. அதுவே கைவிரித்துவிட்டது என்றால், வருமுன் காப்பது எவ்வளவு மலிவு, வந்தபின் விரட்டுவது எவ்வளவு செலவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

செத்த மரத்தில் வாழும் உயிர்

"வெட்டிப் போட்ட மரத்தில் பூச்சி எப்படிப் பிழைக்கும்?" என்ற சந்தேகம் வரும். மரம் செத்தாலும் கட்டை சாப்பாடுதான். பட்டைக்கு அடியில் ஈரம் இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது, வெயிலும் பறவையும் அண்டாத வீடு இருக்கிறது. புழுவுக்கு வேறென்ன வேண்டும்? நாம் விறகைக் காயப் போடுகிறோம். மேலே காய்கிறது, உள்ளே உள்ள புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. பல நாள் கழித்துத்தான் துளை போட்டு வெளியே வரும்.

அதனால்தான் 2002ல் உலக நாடுகள் கூடி, கப்பலில் சரக்கோடு போகிற கட்டைக்கு ஒரு விதி செய்தன. கட்டையின் நடு வயிறு வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். அல்லது விஷப்புகை போட வேண்டும். அப்படிச் செய்த கட்டைக்கு ஒரு முத்திரை குத்துவார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே சாமான் அடுக்குகிற பாலட் கட்டையின் ஓரத்தில் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரையைப் பார்த்திருப்பார்கள். அது இதுதான். கப்பலேறுகிற கட்டைக்கு இத்தனை காவல். நம் கோயிலுக்குக் கொண்டு வருகிற விறகை யார் 56 டிகிரியில் வைத்துப் பார்க்கிறார்கள்?

நம் பால்மரக் கட்டையையே எடுத்துக்கொள்வோம். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டின கட்டையை மருந்தில் ஊறவைக்காமல் விட்டால், கொஞ்ச நாளில் சின்னச் சின்னத் துளை விழுந்து, கீழே மாவு மாதிரி தூள் கொட்டும். துளைவண்டின் வேலை அது. மேசை நாற்காலி செய்கிற பாக்டரிக்காரர்கள் இதற்குப் பயந்துதான் பச்சைக் கட்டைக்கு உடனே மருந்தேற்றுகிறார்கள். கறையானில் ஒரு ஜாதி, உயிரோடு நிற்கிற பால்மரத்தையும் செம்பனையையுமே தின்று சாய்த்துவிடும். வேர்ப் பக்கத்தில் வெள்ளை நூல் படர்கிற வெள்ளைவேர் நோய் நம் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 1904லேயே சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துப் பால்மரத்தில் அதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நோய்ப்பட்ட வேரும் முண்டும் மண்ணில் கிடந்தாலும் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்ளும். அந்த முண்டைத் தோண்டி எடுத்து, விறகாகட்டும் என்று இன்னொரு தோட்டத்துக் கொல்லையில் போடுவது எவ்வளவு பெரிய தவறு!

மலாயாவின் பெயர் சொன்ன மருந்து

பயிரோடு பூச்சி பயணம் செய்த கதை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் ரப்பரோடும் அது பின்னிக்கிடக்கிறது.

1909ல் இலங்கையிலிருந்து பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்கு ரப்பர் கன்றுகள் கப்பலேறின. கன்றுகளோடு டிக்கெட் வாங்காத ஒரு பயணியும் ஏறிக்கொண்டது. தென்னையின் குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டு அது. மலாய்க்காரர்கள் 'கும்பாங் பாடாக்' என்பார்கள். தென்னையே உயிராக உள்ள தீவுகள் அவை. தேங்காய்தான் சாப்பாடு, கொப்பராதான் காசு, ஓலைதான் கூரை. அந்தத் தென்னந்தோப்புகளை வண்டு சூறையாடியது. அங்கிருந்து தீவு தீவாகப் பரவியது.

இந்த வண்டு நம் பகுதியில் ஆதியிலிருந்தே உண்டு. அப்படியானால் இங்கே ஏன் தென்னையே இல்லாமல் போகவில்லை? அந்தக் கேள்வியோடு ஜெர்மானிய விஞ்ஞானி ஹூகர் நம் நாட்டுக்கு வந்து தேடினார். 1963ல், நோய்கண்டு கிடந்த வண்டுப் புழுக்களைக் கண்டார். வண்டைக் கொல்லுகிற ஒரு வைரஸ் கிருமி இங்கே இயற்கையாகவே இருந்தது. 'மலாயா நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1967ல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வண்டின் கொட்டம் அடங்கிற்று. நம் தோட்டத்துப் பக்கத்தில் கிடைத்த மருந்து கடல் கடந்து அந்த மக்களின் தென்னையைக் காப்பாற்றியது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2007ல் குவாம் தீவில் அந்த வைரசுக்கு மசியாத வண்டு தோன்றியது. 2013ல் ஹவாயில் ஓவாஹு தீவுக்கு வந்தது. 2023ல் பக்கத்துத் தீவுகளிலும் கண்டுபிடித்தார்கள். மக்கிய எருவும் மரத்தூளும் வெட்டிப்போட்ட மட்டையும்தான் அதற்குத் தொட்டில். தொட்டிலையே வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனால் பிள்ளை போகாமல் என்ன செய்யும்?

2007ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிலும் ஒரு மணி அடித்தது. திரெங்கானுவில் தென்னை மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தாக்கியது தெரியவந்தது. வெளியில் மரம் பச்சையாக நிற்கும். உள்ளே புழு தண்டைக் கோதித் தின்றுகொண்டிருக்கும். மட்டைகள் மடக்கிய குடை போலத் தொங்கும்போதுதான் நமக்குத் தெரியும். அப்போது மரத்தின் கதை முடிந்திருக்கும். ஆசியாவிலிருந்து இந்த வண்டு 1980களில் அரபு நாடுகளுக்கும், 1990களில் எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. பறந்து போகவில்லை. வேரோடு பிடுங்கி விற்ற பேரீச்ச மரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு போனது.

யார் தலையில் விடிகிறது?

"பூச்சி வந்தால் தோட்டத்துக்காரனுக்கு நட்டம், நமக்கென்ன?" என்று ஒரு பேச்சு பெரட்டுக்களத்தில் கேட்கக்கூடும். தோழர்களே, அது தவறான கணக்கு.

இளஞ்செம்பனையின் குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்தால், மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல இருக்கும். மரம் தேறக் காலமாகும். பழம் வெட்டுவது தள்ளிப்போகும். வெட்டுகிற காலத்திலும் குலை குறையும். குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்குக் குலை குறைந்தால் என்ன குறையும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. வண்டு பெருகினால் மருந்தடிப்பு பெருகும். சைப்பர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்தை இளங்கன்றின் குருத்தில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தத் தொட்டியை முதுகில் சுமப்பது யார்? தோட்டங்களில் மருந்தடிக்கிற வேலை காலங்காலமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. களைக்கு அடிக்கிற பாராகுவாட் விஷத்தை நம் நாட்டில் 2002ல் தடுப்பதாகச் சொன்னார்கள், 2006ல் தளர்த்தினார்கள், 2020 சனவரியில்தான் முழுத்தடை வந்தது. அத்தனை காலமும் நகம் கறுத்து, கண் எரிந்து, மூக்கில் இரத்தம் வந்து அல்லல்பட்டவர்கள் நம் தாய்மாரும் அக்காமாரும்தான். ஆகவே வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டும், யாரோ ஒரு பெண்ணின் முதுகில் இன்னொரு தொட்டி மருந்தை ஏற்றுகிறது. நாம் இதை எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான்.

கட்டுக்கு ஒரு நியாயம், லாரிக்கு ஒரு நியாயமா?

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விதி என்று வந்தால் சைக்கிளில் ஒரு கட்டு விறகு வைத்துப் போகிறவனைப் பிடிப்பது சுலபம். அமெரிக்காவில் பச்சை வண்டை ஊருக்கு ஊர் கொண்டு போனதில் விறகு சுமந்தவனுக்குப் பங்கு உண்டு. ஆனால் கடல் கடந்து அதைக் கொண்டு வந்து இறக்கியது வியாபாரிகளின் சரக்குக் கட்டை. சமோவாவுக்கு வண்டைக் கொண்டு போனதும் கூலிக்காரன் மூட்டை அல்ல, தோட்டம் போட ஏற்றிய கன்று.

நம் தோட்டங்களிலும் அதே நிலைதான். மறுநடவு வருகிறது. குத்தகைக்காரன் வருகிறான். சாய்த்த பால்மரத்தை லாரியில் அள்ளிக்கொண்டு போகிறான். பழைய செம்பனைத் தண்டுகள் வயலில் கிடந்து மக்குகின்றன. முன்காலம் போல நெருப்பு வைக்க முடியாது. திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. புகைமூட்டத்தில் மூச்சு முட்டிய நாம் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எரிக்காத தண்டைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பரப்பி, அதன்மேல் மூடுகொடிப் பயிரைச் சீக்கிரம் படரவிட வேண்டும். அப்படிச் செய்தால் வண்டு முட்டையிட இடம் தேடி அலையும். செய்யாமல் குவித்து வைத்தால் அது வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. இது நிர்வாகத்தின் பொறுப்பு.

1976ல் வந்த தாவரத் தடுப்புக் காவல் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வாசலில் காவல் உண்டு. வீட்டுக்குள் அறைக்கு அறை போகிறதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை தொழிலாளி கையாகவும் இருக்க வேண்டும், நிர்வாகத்தின் கையாகவும் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, விறகு விழுந்த இடத்திலேயே எரியட்டும். திருவிழாவோ பொங்கலோ, அந்தந்த ஊரில் கிடைக்கிற விறகையே வாங்குவோம். கோயில் கமிட்டிக்காரர்கள் இதை ஒரு தீர்மானமாகவே எழுதி வைக்கலாம். சமையல் முடிந்து மிஞ்சிய விறகை வேறு ஊருக்கு ஏற்றிப் போகாமல் அங்கேயே அடுத்த சமையலுக்கு விட்டுவர வேண்டும்.

இரண்டாவது, விறகைக் கண்ணால் பாருங்கள். துளை இருக்கிறதா, மாவுத்தூள் கொட்டுகிறதா, கறையான் மண் அப்பியிருக்கிறதா, வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா? இருந்தால் தொடவே வேண்டாம். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் முதல் விதியே முக்கியம்.

மூன்றாவது, கொல்லையில் உள்ள குப்பைமேட்டையும் மக்கிய தென்னந்தண்டையும் அவ்வப்போது கிளறிவிடுங்கள். வளைந்து கிடக்கிற கொழுத்த வெள்ளைப் புழு கிடைத்தால் கோழிக்குப் போடுங்கள். கோழிக்கும் விருந்து, தென்னைக்கும் நிம்மதி. அந்த எருவை வெளியூர்ச் சொந்தக்காரருக்கு மூட்டை கட்டி அனுப்பாதீர்கள்.

நான்காவது, தென்னங்கன்றோ அலங்காரப் பனையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். மட்டை குடை போலத் தொங்குகிற மரத்தைக் கண்டால் மண்டோரிடமோ விவசாய இலாகாவிலோ உடனே சொல்லுங்கள்.

ஐந்தாவது, சங்கக் கூட்டத்தில் இதையும் பேசுங்கள். சாய்த்த மரத்தில் விறகுக்காகும் கிளையை அந்தத் தோட்டத்துத் தொழிலாளிக்கே கொடுத்தால் என்ன? அவனுக்கு வெளியிலிருந்து விறகு வாங்குகிற செலவு மிச்சம், பூச்சிக்குப் பயணம் மிச்சம். மறுநடவில் தண்டை நறுக்கி மூடுகிற வேலை ஒழுங்காக நடக்கிறதா, மருந்தடிக்கிற பெண்களுக்குக் கையுறையும் முகமூடியும் குளிக்கத் தண்ணீரும் கிடைக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் முன்னோர்கள் இந்த மண்ணுக்குக் கப்பலேறி வந்து, காட்டை அழித்து, பால்மரம் நட்டு, பிறகு செம்பனை நட்டார்கள். நிலம் நம் பெயரில் இல்லை. ஆனாலும் மரம் வாடினால் முதலில் வாடுவது நம் வயிறு. ஓணான் வேலியில் போகட்டும். நாம் அதை மடியில் எடுத்துவிட வேண்டாம். வருகிற பொங்கலுக்கு அடுப்பு மூட்டும்போது, கையில் உள்ள கட்டையைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எந்த ஊர்க் கட்டை?" நம்ம ஊர்க் கட்டை என்றால் தாராளமாக எரியட்டும், பால் பொங்கட்டும்!